மாங்குளத்தில் ஒரு வளநிலையம் வேண்டும்: வன்னியின் கிராமிய அமைப்புகள் சார்பில் ஒரு திறந்த மடல்

வன்னி மாவட்டங்களின் நிர்வாகப் பொறுப்பில் உள்ளோருக்கும், மாகாண மட்டத்தில் கிராம அபிவிருத்திக்குப் பொறுப்பானவர்களுக்கும், இங்கு செயற்றிட்டங்களுக்கு நிதி வழங்கும் கொடை நிறுவனங்களுக்கும்,

இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களைக் கொண்ட வன்னியின் கிராமிய அமைப்புகளுக்கென, கணக்கு, பதிவு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் உதவும் நிரந்தரமான வளநிலையம் ஒன்றை அமைத்துத் தர வேண்டும் என்று எங்கள் சமாசங்கள் (ஊர்ச் சங்கங்களின் கூட்டமைப்புகள்) சேர்ந்து முன்வைத்த கோரிக்கை, அண்மையில் நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டம் ஒன்றில் விவாதத்துக்கே எடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டது. கொழும்பில் இத்தகைய பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன, தேவையான அனைத்தும் இணையத்தில் கிடைக்கின்றன, ஆண்டுதோறும் எங்களுக்குச் செயலமர்வுகள் நடத்தப்படுகின்றன என்று மூன்று காரணங்கள் வாய்மொழியாகச் சொல்லப்பட்டன. எழுத்தில் எந்தப் பதிலும் தரப்படவில்லை. அந்த மூன்று காரணங்களில் ஒன்றையேனும் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது. கூட்ட மண்டபத்தில் எங்களுக்குக் கிடைக்காத நேரத்தை இந்த மடலில் எடுத்துக்கொண்டு, ஏன் ஏற்க முடியாது என்பதையும், நாங்கள் கேட்பது என்ன என்பதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நான் ஒட்டுசுட்டான் பகுதியில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் செயலாளராகத் தொடங்கி, பின்னர் பிரதேச மட்டச் சமாசத்தில் பொருளாளராக இருந்தவள். பதவியில் இல்லாத இக்காலத்திலும், கணக்கு முடிக்கும் வேளை வந்தால் அயற்கிராமங்களின் சங்கத்தினர் தங்கள் பற்றுச்சீட்டுக் கட்டுகளோடு என் வீட்டு விறாந்தைக்கு வருகின்றனர். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு இடம் இல்லை. நான் இங்கே எழுதுவதிற் பெரும்பகுதி அந்த விறாந்தையில் அவர்களோடு இருந்து அறிந்தவையே.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு அமைப்பு என்றவுடன் வாகனமும் பெயர்ப்பலகையும் சம்பள அலுவலர்களும் உள்ள நிறுவனங்களே நினைவுக்கு வருகின்றன. வன்னியின் ஒரு கிராமத்தில் கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், இளைஞர் கழகம், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், மரண உதவிச் சங்கம், கடலோரமாயின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், போரில் அவயவங்களை இழந்தோரின் அமைப்பு என்று பலவும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றில்கூடச் சம்பளம் பெறும் செயலாளர் இல்லாத கிராமங்களே மிகுதி. காலையில் வயலுக்கோ கடலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய் வந்தவர்கள் மாலையில் இந்தச் சங்கங்களை நடத்துகின்றனர். வாய்க்கால் துப்புரவு, முன்பள்ளி ஆசிரியையின் கொடுப்பனவு, செத்த வீட்டுக்குப் பந்தலும் கதிரையும், வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாடு ஆகிய எல்லாம் இவர்கள் கையாலேயே நடக்கின்றன. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் பரவிய அந்த இரவில், வெளியிலிருந்து ஒரு வாகனம் வருவதற்கு முன்பே பாடசாலைகளைத் திறந்து அடுப்பு மூட்டியவர்கள் ஊர்ச் சங்கங்களில் இருந்தவர்கள்தாம்.

இந்த அமைப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசலிற் பதிவு செய்யப்பட வேண்டும். கமக்காரர் அமைப்பு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருகிறது. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மாகாணத்தின் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிகின்றன. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம், சனசமூக நிலையங்களுக்கு உள்ளூராட்சி அமைப்பு, இளைஞர் கழகங்களுக்கு இளைஞர் சேவைகள் மன்றம் என்று வழிகள் பிரிகின்றன. தன்னார்வ அமைப்பாக இயங்க விரும்புவோர் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வச் சமூக சேவை அமைப்புகள் பதிவு, மேற்பார்வைச் சட்டத்தின்படி பதிய வேண்டும். வேறு சிலர் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிகின்றனர். எந்தப் பதிவு எந்தப் பணிக்குப் பொருந்தும், எதில் பதிந்தால் எந்த நிதியைப் பெற முடியாது, யாப்பில் எந்த விதி இல்லாவிட்டால் வங்கி கணக்குத் திறக்காது என்பவற்றை ஒரே இடத்தில் இருந்து தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவர் முழு வன்னியிலும் இல்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன் படிவத்தை மட்டுமே அறியும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவரும் பேச்சு அண்மைய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எழுகின்றது. அது வந்தால் முதலில் திணறப் போகிறவர்கள் கொழும்பின் பெரிய நிறுவனங்கள் அல்லர்; அவர்களிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்.

எங்கள் அமைப்புகளுக்குப் பதிவேடுகளைப் பேணத் தெரியாது என்று அதிகாரிகள் சிலர் சலித்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேற வைக்கப்பட்ட பின்னர், கிழக்கு நோக்கி ஊர் ஊராக இடம்பெயர்ந்த மக்களுக்குத் தறப்பாள் பங்கிட்டதிலும், தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்தியதிலும், போரின் கடைசி மாதங்களிற் கஞ்சி காய்ச்சி ஊற்றியதிலும் இந்தச் சங்கங்களில் வேலை செய்து பழகியவர்களின் கைகள் இருந்தன. கூட்ட அறிக்கைப் புத்தகமும் உறுப்பினர் பதிவேடும் காசேடும் வங்கிப் புத்தகமும் ஒரு பையில் கட்டி ஒவ்வொரு இடப்பெயர்விலும் சுமக்கப்பட்டு, எங்கோ ஓரிடத்தில் பிள்ளையைத் தூக்குவதா பையைத் தூக்குவதா என்ற நிலையிற் கைவிடப்பட்டன. இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்டிருந்த வவுனியாவின் மெனிக் பாம் முகாமிலிருந்து மீளக் குடியமர்ந்து வந்தபோது சங்கங்களிடம் இருந்தது உறுப்பினர்களின் நினைவு மட்டுமே. அந்த உறுப்பினர்களிலும் பலர் இல்லை. பழைய பதிவிலக்கம் தெரியாததால் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. கையொப்பமிடும் உரிமை பெற்றிருந்த ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்ததால் பழைய சேமிப்பை மீட்க முடியவில்லை. அவருடைய இறப்புச் சான்றிதழ் கேட்கப்பட்டபோது அவருடைய தாய் எழுந்து போய்விட்டார். இத்தகைய ஒரு சிக்கலில் வங்கிக்கு என்ன கடிதம் எழுதுவது, எந்தச் சட்ட வழியை நாடுவது என்று சொல்ல எவரும் இல்லாத நிலையில் அந்தக் கணக்குகள் அப்படியே உறங்கிப் போயின.

மீள்குடியேற்றத்தின் பின் பணம் வந்தது, கட்டடங்கள் வந்தன, இயந்திரங்கள் வந்தன. நடத்தும் ஆற்றல் மட்டும் எவருடைய வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறவில்லை. எனக்கு நன்கு தெரிந்த ஒரு பெண்கள் சங்கத்துக்கு மா அரைக்கும் ஆலை ஒன்று தரப்பட்டது. தந்த நிறுவனம் தன் செயற்றிட்டக் காலம் முடிந்ததும் ஊரை விட்டுப் போனது. ஆலையின் உடைமையைச் சங்கத்துக்கு மாற்றும் கடிதம் எழுதப்படவில்லை. இயந்திரம் பழுதானபோது அதைத் திருத்துவதற்குக் கூட்டுறவுக் கடன் பெற முடியவில்லை, விற்றுப் புதிது வாங்கவும் முடியவில்லை. ஏனெனில் தாளில் அது சங்கத்தினுடையது அன்று. அந்தப் பெண்கள் உழைக்க மறுக்கவில்லை. கைமாற்றுக் கடிதம் என்ற ஒரு பக்கத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த ஆலை இன்று ஓடிக்கொண்டிருக்கும். இதே போல, மதகும் வாய்க்காலும் கட்டும் சிறு ஒப்பந்தங்களை எடுத்துச் செய்த சங்கங்களுக்கு, உத்தரவாதமாகப் பிடித்து வைக்கப்பட்ட பணப் பகுதி, உரிய காலத்தில் உரிய வடிவிற் கேட்கப்படாததால் வராமலே போயிருக்கிறது. ஊரின் உழைப்புப் பணம் அது.

கணக்காய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிதி கேட்டு விண்ணப்பிக்கும் எந்தச் சங்கமும் கடந்த ஆண்டுகளின் கணக்காய்வு அறிக்கையைக் காட்ட வேண்டும் என்கிறீர்கள். அது நியாயமான கோரிக்கை. மக்கள் பணத்துக்குக் கணக்கு இருக்கத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் தகுதி பெற்ற கணக்காய்வாளர் ஒருவரை அமர்த்தும் கட்டணம் பல சங்கங்களின் ஆண்டு வருமானத்தை விட அதிகம். நீங்கள் தரும் செயற்றிட்ட நிதியிலோ நிர்வாகச் செலவுக்கு இடமில்லை; தென்னங்கன்றுக்கும் கோழிக்குஞ்சுக்கும் பணம் உண்டு, அந்தக் கணக்கை எழுதுபவரின் பேருந்துச் செலவுக்குக்கூட இல்லை. கணக்காய்வு அறிக்கை இல்லாததால் நிதி இல்லை, நிதி இல்லாததால் கணக்காய்வு அறிக்கை இல்லை என்ற வட்டத்துக்குள் நல்ல சங்கங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கணக்காளரைப் பல சங்கங்கள் பகிர்ந்து வைத்துக்கொண்டால் இந்த வட்டம் உடையும். அந்தக் கணக்காளர் அமர்வதற்கு ஓர் அறையும், அவருடைய சம்பளத்துக்கு ஒரு வழியும் வேண்டும். நாங்கள் கேட்கும் வளநிலையத்தின் முதற் பணி இதுவே.

இனி அந்த மூன்று காரணங்களுக்கு வருகிறேன்.

கொழும்பில் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன என்பது உண்மை. முல்லைத்தீவிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது என்பதும் உண்மை. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் எங்கள் சங்கங்களின் முதுகெலும்பு. பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டு, இரவுப் பேருந்தில் ஏறி, தங்குமிடத்துக்குச் செலவழித்து, பல நாள் கூலியை இழந்து, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும் வகுப்பில் அமருமாறு அவர்களிடம் சொல்வது வாய்ப்பு வழங்குவதாகாது. தமிழில் நடத்தப்படும் வகுப்புகளிலும் பயிற்சிக் கையேடு ஆங்கிலத்தில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நடத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: வன்னியின் நான்கு மாவட்டங்களும் சேர்ந்து 7,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலம், யாழ்ப்பாண மாவட்டத்தைப் போற் பல மடங்கு. முசலியிலிருந்தோ வெலிஓயா எல்லைக் கிராமங்களிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்குப் போய் அன்றே திரும்ப முடியாது.

இணையம் எங்களுக்குப் பயன்படாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் எதையும் தேடி எடுப்பார்கள். மாதிரி யாப்பு ஒன்றை இணையத்திற் பெறலாம். அதில் எந்த விதியை எங்கள் பிரதேச அலுவலர் ஏற்பார், எதைத் திருப்பி அனுப்புவார் என்பதை இணையம் சொல்லாது. உறுப்பினர்களுக்குள் பிணக்கு வந்து இரண்டு தரப்பும் தாமே நிர்வாக சபை என்று உரிமை கோரும்போது, நடுவில் அமர்ந்து பொதுக்கூட்டத்தை நடத்தித் தரும் ஒரு நம்பிக்கையான மூன்றாம் ஆளை இணையத்தால் அனுப்ப முடியாது.

செயலமர்வுகள் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இங்கேதான் பெரும் பணம் வீணாகின்றது. தலைமைத்துவப் பயிற்சி, முன்மொழிவு எழுதும் பயிற்சி, கணக்குப் பதிவுப் பயிற்சி ஆகியவை எங்களுக்கு மீண்டும் மீண்டும் தரப்படுகின்றன. ஒரு நிறுவனம் தந்த அதே பயிற்சியை அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் வேறொரு பெயரில் தருகின்றது. வருபவர்களும் பெரும்பாலும் அதே ஆட்களே. பயிற்சி முடிகிற மாலையில் சான்றிதழும் குழுப்படமும் உண்டு. ஒரு மாதம் கழித்து, உண்மையான விண்ணப்பப் படிவம் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, இலக்கு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது, விளைவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று திகைக்கும்போது பயிற்றுநர் அருகில் இல்லை. அவருடைய ஒப்பந்தம் முடிந்திருக்கும். செயற்றிட்டம் முடிந்ததும் மடிக்கணினிகளும் கோப்புகளும் தலைமை அலுவலகத்துக்குத் திரும்பிப் போகின்றன. அந்தச் செயற்றிட்டத்தில் வேலை கற்ற இளம் அலுவலர் வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார். எங்கள் கிராமங்களிற் சேகரித்த தகவல்களும், அவற்றிலிருந்து எழுதப்பட்ட அறிக்கைகளும் எங்களுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. குளத்துக்கு நீர் வருகிற வழியை மட்டும் வெட்டிவிட்டுக் குளக்கட்டை உடைந்தபடியே விட்டால் எந்த மாரியும் அதை நிரப்பாது. செயலமர்வுகளுக்கு ஆண்டுதோறும் செலவாகும் பணத்தின் ஒரு பகுதி ஒரே இடத்திற் சேர்ந்திருந்தால், கட்டடமும் கணக்காளரும் மொழிபெயர்ப்பாளரும் என்றோ வந்திருப்பர்.

அறிவும் ஆவணமும் கையில் இருந்தால் எங்கள் மக்கள் என்ன செய்ய வல்லவர்கள் என்பதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்தின் குடிநீருக்குக் கொண்டுசெல்லும் யோசனை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் கூடிய யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தின் பகுதியாக முன்வைக்கப்பட்டபோது, குளத்தை நம்பிய கமக்காரர்கள் அதை எதிர்த்து நின்றனர். வெறும் கோபத்தோடு நின்றிருந்தால் அவர்களை எளிதில் ஒதுக்கியிருப்பார்கள். குளத்தின் கொள்ளளவு, சிறுபோகத்துக்கு எஞ்சும் நீர், வறட்சி ஆண்டுகளின் நிலைமை என்று அவர்கள் கணக்கோடு பேசினர். பின்னர் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைக்கும் வழிக்குத் திட்டம் திரும்பியது. யாழ்ப்பாணத்துத் தாகத்தையும் கிளிநொச்சி வயலையும் எதிரெதிரே நிறுத்தாத ஒரு வழி, கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டதாற் பிறந்தது.

இதற்கு மாறான சான்று நுண்நிதிக் கடன். போருக்குப் பின் கிராமங்களுக்குள் வாரா வாரம் கடன் அறவிட வந்தவர்களிடம் எங்கள் பெண்கள் கையெழுத்திட்ட பத்திரங்களை அவர்களுக்கு வாசித்து விளக்க ஒருவரும் இருக்கவில்லை. 2018ஆம் ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முடிவெடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. தள்ளுபடி அறிவிப்பு வந்த பின்னரும், தனக்கு அது பொருந்துமா என்று தெரியாமல் தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்த பெண்களை நான் அறிவேன். மாதர் சங்கங்களும் சிக்கன கடனுதவுச் சங்கங்களும் அப்போது வலுவாக இருந்திருந்தால், அந்தப் பெண்கள் கடனுக்காக வெளியாரிடம் போயிருக்கத் தேவையில்லை. ஊர் அமைப்பு நலிந்தால் அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. யாரோ வந்து அமர்கிறார்கள், அமர்பவர் நமக்கு நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தலைமை பற்றிய கவலையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஒரே ஆள் கமக்காரர் அமைப்பின் தலைவராகவும், கோயில் நிர்வாகத்திற் பொருளாளராகவும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராகவும் இருப்பது எங்கள் ஊர்களில் வழமையாகிவிட்டது. பதவி ஆசையால் நேர்ந்தது என்று நான் கருதவில்லை. கூட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால் நேர்ந்தது. அவர் நோயில் விழுந்தால் மூன்று அமைப்புகள் ஒருங்கே படுக்கின்றன. வன்னி இதைவிடக் கொடிய வடிவில் இதனைக் கண்டிருக்கிறது. 1970களில் கட்டடக் கலைஞர் அருளானந்தம் டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு வளர்த்த காந்தியம் என்ற தொண்டு அமைப்பு, தமிழருக்கு எதிரான 1977 வன்செயல்களில் ஏதிலிகளான மலையகக் குடும்பங்களை இந்த மண்ணிற் குடியமர்த்தியது, பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்தியது. 1983இல் இருவரும் கைதாயினர்; அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். காந்தியத்தின் பணி அதோடு முடக்கப்பட்டது. அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் செய்தார்கள், அதற்கு எந்த வளநிலையமும் மருந்தாகாது. ஆயினும் வெளிநாட்டு நிபுணர் எவரும் வருமுன்பே வன்னியில் ஓர் அமைப்பு தன் ஆட்களைத் தானே பயிற்றுவித்து இயங்கியிருக்கிறது என்பதை, எங்களுக்கு ஆற்றல் வளர்க்க வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். அத்தகைய அனுபவங்கள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைக்கவும், அடுத்த தலைமுறை அதை எடுத்து வாசிக்கவும் ஓர் அலுமாரியாவது எங்களுக்கு வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையானதாக இராது. போர் முடிந்த பின்னரும் நெடுங்காலம் எங்கள் கூட்டங்களுக்கு அழையாதவர்கள் வந்தனர். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், பணம் எங்கிருந்து என்று கேட்டனர். வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்தனர். அதனால் எத்தனையோ இளையவர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், சங்கப் பதவி என்றாலே வீட்டில் தடுக்கப்படுகின்றனர். நாங்கள் கேட்கும் வளநிலையம் எங்களைக் கண்காணிக்கும் மற்றோர் அலுவலகமாக மாறுமானால் அது எங்களுக்கு வேண்டாம். சங்கங்கள் தங்கள் குறைகளை அச்சமின்றிச் சொல்லிப் பரிகாரம் தேடும் இடமாக அது இருக்க வேண்டும். அதனால்தான் அதன் நிர்வாகம் அமைப்புகளின் பிரதிநிதிகளிடமே இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஏன் இப்போது இத்தனை வற்புறுத்திக் கேட்கிறோம் என்றால், காலம் எங்களுக்குச் சாதகமாக இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி இடைநிறுத்தப்பட்டபோது, அதில் தங்கியிருந்த செயற்றிட்டங்கள் ஒரே அறிவித்தலில் நின்றன. அந்த உதவியை வழங்கிய யூஎஸ்எயிட் நிறுவனமும் அதே ஆண்டு யூலையில் மூடப்பட்டது. மற்ற நாடுகளும் கையைச் சுருக்குகின்றன. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பின் இந்த மடலை எழுதும் நாள்வரை எங்களுக்கு மாகாண மட்டத்தில் தெரிவான பிரதிநிதிகள் இல்லை. எங்கள் குறையைச் சபையில் எழுப்ப ஓர் உறுப்பினர் இல்லை. இத்தகைய வேளையில் வெளிப்பணம் இன்றியே தாக்குப்பிடிக்கும் வலு ஊர் அமைப்புகளுக்கு இருக்க வேண்டும். 2016 மேயில் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில், 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தையாவது இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளிடம் சேர்ப்பதாகப் பெரும் கொடையாளர்கள் உடன்பட்டனர். அந்த ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. உள்ளூர் அமைப்புகளிடம் ஆற்றல் இல்லை என்று சொல்லி அந்தப் பங்கைத் தள்ளிப்போடுவதும், ஆற்றலை வளர்க்கும் இடத்தைக் கேட்டால் தேவையில்லை என்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதைக் கொடை நிறுவனங்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் கேட்பது மாங்குளத்தில். ஏ9 வீதியும் முல்லைத்தீவு செல்லும் ஏ34 வீதியும் அங்கே சந்திக்கின்றன, மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்து வீதியும் அங்கேயே வந்து சேர்கிறது, புகையிரதம் நிற்கிறது. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெரும்பாலான ஊர்களிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பலாம். மன்னார், பூநகரி, நெடுங்கேணி போன்ற பகுதிகளுக்கு அதன் அலுவலர்கள் மாதத்தில் குறித்த நாட்களில் நேரிற் போய் அமர வேண்டும். புதிய கட்டடம் எழுப்பித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் எழுந்து, இன்று பூட்டியபடியோ களஞ்சியமாகவோ கிடக்கும் பொதுநோக்கு மண்டபங்கள் அந்தப் பகுதியில் உண்டு. எது என்பதை எங்களை விட நீங்கள் நன்கு அறிவீர்கள். சக்கர நாற்காலி உள்ளே போகும் வாசலும், பிள்ளைகளோடு வரும் தாய்மாருக்கு ஓர் அறையும் உள்ள மண்டபமாக அது இருக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களிடம் நாங்கள் வேண்டுவது இது: அத்தகைய ஒரு கட்டடத்தைக் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு எழுத்து மூலமான உடன்படிக்கையின் கீழ் எங்களுக்கு ஒதுக்குங்கள், நான்கு மாவட்டங்களின் அமைப்புகள் பொதுக்கூட்டம் கூடித் தெரிவு செய்யும் நிர்வாக சபை ஒன்றை, அதிற் பெண்கள் பாதிக்குக் குறையாமலும், மாற்றுத்திறனாளிகளுக்கும் 35 வயதுக்கு உட்பட்டோருக்கும் உறுதியான இடங்களோடும், ஏற்றுக்கொள்ளுங்கள், அலுவலர்கள் ஆலோசகர்களாக வரட்டும், தலைமை வகிக்க வேண்டாம். மாகாண மட்டத்துப் பொறுப்பாளர்களிடம் வேண்டுவது, பல்வேறு திணைக்களங்களின் பதிவு விதிகளையும் படிவங்களையும் ஒரே தமிழ்க் கைநூலாகத் தொகுத்து வெளியிடுவதும், வாரத்தில் ஒரு நாளாவது பதிவு அலுவலர்கள் மாங்குளத்தில் அமர ஒழுங்கு செய்வதும், இடப்பெயர்வில் பதிவேடுகளை இழந்த சங்கங்களுக்குப் பழைய பதிவையும் வங்கிச் சேமிப்பையும் மீட்க எளிய நடைமுறை ஒன்றை வகுப்பதும் ஆகும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கல்வி பயிலும் மாணவர்களும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் விவசாயமும் பொறியியலும் பயிலும் மாணவர்களும் தங்கள் களப்பயிற்சிக் காலத்தை இந்த நிலையத்திற் கழிக்க வழி செய்து தருமாறு இரு பல்கலைக்கழகங்களையும் நீங்களே கேட்க வேண்டும்.

கொடை நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது ஐந்து ஆண்டு உறுதி. கணக்காளர் ஒருவர், மும்மொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், பதிவு, யாப்பு, பிணக்குத் தீர்வு அறிந்த ஆலோசகர் ஒருவர் ஆகிய மூவரின் சம்பளத்தைப் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது நிதியாக ஏற்க வேண்டும். அதே காலத்தில் அமைப்புகளின் சந்தாவையும், கணக்கு எழுதித் தருவதற்கான சிறு கட்டணத்தையும் கொண்டு நிலையம் தன் காலில் நிற்கும் பங்கை ஆண்டுதோறும் உயர்த்துவோம். அதன் கணக்கை ஒவ்வொரு ஆண்டும் தமிழிற் பகிரங்கமாக வெளியிடுவோம். நீங்கள் வன்னியில் நடத்தும் ஒவ்வொரு செயற்றிட்டத்திலும் உள்ளூர்ச் சங்கத்தின் நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். செயற்றிட்டம் முடியுமுன் உடைமைக் கைமாற்றுக் கடிதத்தையும், எங்கள் ஊர்களைப் பற்றி எழுதிய அறிக்கைகளின் தமிழ்ப் பிரதிகளையும் கையளியுங்கள். பயனாளிகளின் பெயர், முகவரி, குடும்ப விவரங்களை அவர்களின் சம்மதமின்றி எவருக்கும் கொடாதீர்கள்.

எங்கள் கோரிக்கையை ஒதுக்கிய அந்தக் கூட்டத்தின் அறிக்கைப் பிரதியையும் கேட்கிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து அதைப் பெறும் வழி எங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே நீங்களாகத் தருவதை விரும்புகிறோம். இந்த மடல் கிடைத்து ஒரு மாதத்துக்குள், எங்கள் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், மறுப்பதாயின் என்ன காரணத்தால் என்பதைத் தமிழில் எழுதிச் சமாசங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீடுகள் முடிவாவதற்கு முன், நான்கு மாவட்டங்களின் அமைப்புப் பிரதிநிதிகளையும் மாங்குளத்துக்கு அழைத்து, இந்த ஒரு விடயத்துக்கென மட்டும் ஒரு முழு நாட் கூட்டத்தை நடத்துங்கள். நாளையும் இடத்தையும் இரண்டு வாரங்களுக்கு முன் அறிவித்தால் முசலியிலிருந்தும் கொக்கிளாயிலிருந்தும் எங்கள் ஆட்கள் வந்து சேர்வார்கள்.

இங்ஙனம்,
கிராமிய அமைப்புகளின் சார்பில்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் சமாசத்தின் முன்னாள் பொருளாளர்,
ஒட்டுசுட்டான்